தீட்டும் திரவியமும்

இவ்விதழ் பெரும்பாலான வீடுகளில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் முன் விறாந்தையிலே கிடந்து, தாத்தா முதல் பத்தாம் வகுப்புப் பிள்ளை வரை எல்லோர் கையிலும் மாறிமாறிப் போகும் இதழ். ஆகையால் இவ்வாரம் எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டதும் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். பெண்களின் மாதவிடாயைப் பற்றி ஒரு கத்தோலிக்க வார ஏட்டிலே, அதுவும் ஒரு குருவானவர் எழுதலாமா என்றும் கேட்கக்கூடும். எழுதலாம் என்பதே நமது எண்ணம். வேதாகமம் அதைப் பற்றி வாய் திறந்து பேசுகிறது. பாப்பரசர் ஒருவர் கடிதமே எழுதியிருக்கிறார். நாம் மட்டும் ஏன் கூச வேண்டும்?

செய்தி இதுதான். 2011 ஆம் ஆண்டிலே சென்னையிலுள்ள லைஃப்செல் என்ற நிறுவனம் 'லைஃப்செல் ஃபெம்' என்னும் பெயரில் ஒரு புதிய சேவையை ஆரம்பித்தது. பிள்ளை பிறக்கும்போது கொப்பூழ்க்கொடியில் எஞ்சியிருக்கும் குருதியைச் சேமித்து வைக்கும் தொழிலில் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த நிறுவனம் அது. புதிய சேவையோ, பெண்களின் மாதவிடாய்க் குருதியைச் சேகரித்து, அதிலிருந்து மூலக்கலங்களைப் பிரித்தெடுத்து, திரவ நைதரசனிலே சுழியத்துக்குக் கீழ் 196 பாகைக் குளிரில் உறைய வைத்துப் பாதுகாப்பது. பிற்காலத்தில் அப்பெண்ணுக்கோ அவளுடைய நெருங்கிய உறவினருக்கோ நோய் வந்தால் உதவும் என்பது அவர்கள் கொடுத்த நம்பிக்கை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள கிரையோ-செல் என்ற நிறுவனம் இதே வேலையை 2007 இல் தொடங்கியிருந்தது. கொழும்பிலிருந்து வைத்தியத்துக்காகச் சென்னைக்குப் போய்வரும் குடும்பங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கொள்ளுப்பிட்டியிலும் எத்தனையோ உண்டு. அங்கே விளம்பரமாகும் ஒன்று நம் வீட்டு மேசைக்கு வந்து சேர அதிக நாள் செல்லாது.

நமது அம்மம்மாமார் 'துடக்கு' என்று சொல்லி, கோடிப்புறத்து அறையிலே தனிப்பாயும் தனிக்கோப்பையும் கொடுத்து ஒதுக்கி வைத்த அதே பொருள், இப்போது பணங் கொடுத்துப் பூட்டி வைக்கும் திரவியமாகிவிட்டது. இதை எப்படி விளங்கிக் கொள்வது?

முதலில் விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நமது உடலிலுள்ள பெரும்பாலான கலங்கள் தமக்கென ஒரு தொழிலை ஏற்றுக்கொண்டவை. தோற்கலம் தோலாகவும் நரம்புக்கலம் நரம்பாகவும் இருந்து முடியும். மூலக்கலம் அப்படியன்று. அது தன்னைப் போன்ற கலங்களைப் பெருக்கவும் வல்லது. தேவைக்கேற்ப வேறு இழையங்களாக மாறவும் வல்லது. சேதமடைந்த உறுப்பை மீளக் கட்டியெழுப்பலாம் என்ற நம்பிக்கை இக்கலங்களிலிருந்தே பிறந்தது. இனி, கருப்பையின் உட்சுவரை எண்ணிப் பாருங்கள். மாதந்தோறும் அது மெல்லிய படலமாகத் தொடங்கித் தடித்து வளர்கிறது; கரு தங்காதபோது உதிர்கிறது; தழும்பேதும் விடாமல் மறுபடி வளர்கிறது. ஒரு பெண்ணின் வாழ்நாளில் ஏறக்குறைய நானூறு முறை இது நிகழ்கிறது. இவ்வளவு விரைவாய்த் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இழையம் உடலில் அரிது. ஆகவே அங்கே மூலக்கலங்கள் இருந்தாக வேண்டும் என்று விஞ்ஞானிகள் ஊகித்தார்கள். அவுஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கரோலின் கார்கெற் அம்மையாரும் அவருடைய குழுவினரும் அதற்கான சான்றை 2004 இல் வெளியிட்டார்கள். உதிரும் குருதியிலேயே அத்தகைய கலங்கள் உயிரோடு வெளிவருகின்றன என்பதை 2007 இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வெவ்வேறு குழுவினர் அறிவித்தார்கள். அமெரிக்கக் குழுவினர் கண்ட கலங்கள் 19.4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரட்டித்துப் பெருகினவாம். என்புமச்சையிலிருந்து மூலக்கலம் எடுக்க இடுப்பெலும்பைத் துளைக்க வேண்டும். இதற்கோ ஊசியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், ஒரு சிறு கிண்ணம் போதும்.

பிறகு? சீனாவில் 2013 இல் எச்7என்9 என்னும் பறவைக் காய்ச்சல் பரவியபோது, உயிராபத்தான நிலையிலிருந்த 17 நோயாளிகளுக்கு இக்கலங்களைச் செலுத்திப் பார்த்தார்கள். அவர்களில் 3 பேர் இறந்தார்கள். இக்கலங்கள் கொடுக்கப்படாத 44 பேரில் 24 பேர் இறந்தார்கள். 2020 இல் வெளியான இச்செய்தி நம்பிக்கை தருவதுதான். ஆனால் 17 பேரை வைத்துக்கொண்டு ஒரு சிகிச்சையை நிலைநாட்ட முடியாது என்பதை எந்த நேர்மையான வைத்தியரும் சொல்வார். மாதவிடாய்க் குருதியிலிருந்து எடுத்த மூலக்கலத்தால் இன்ன நோய் தீரும் என்று உலகம் ஒப்புக்கொண்ட நிலையான சிகிச்சை இன்னும் எழவில்லை. இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் பயன்படும்.

இதைத் திருச்சபை அனுமதிக்கிறதா என்பது பலர் மனத்தில் எழும் முதற் கேள்வி. மூலக்கலம் என்ற சொல்லைக் கேட்டதும் 'அது பாவம் அல்லவா?' என்று கேட்போர் நம்மிடையே உண்டு. காரணம் இல்லாமல் இல்லை. 1998 இல் மனித முளையத்திலிருந்து மூலக்கலங்களைப் பிரித்தெடுக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டது. அதைச் செய்வதற்கு முளையத்தை அழிக்க வேண்டும். அஃதாவது, ஒரு மனித உயிரை அதன் தொடக்கத்திலேயே கொல்ல வேண்டும். 2000 ஆம் ஆண்டில் வாழ்வுக்கான பாப்பிறைக் கழகம் அதை வன்மையாய் மறுத்தது. ஆனால் அதே கழகம், வளர்ந்தவர்களின் உடலிலிருந்து எடுக்கும் மூலக்கலங்களே செல்லத்தக்க வழி என்றும் சுட்டிக்காட்டிற்று. 2008 இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட 'மனித மாண்பு' பற்றிய ஏடு இதை இன்னும் தெளிவாக்கியது: கலங்கள் யாரிடமிருந்து எடுக்கப்படுகின்றனவோ அவருக்குப் பெருந்தீங்கு விளையாத முறைகள் அறநெறிக்கு ஏற்றவை. மாதவிடாய்க் குருதியில் முளையம் இல்லை, யாரும் கொல்லப்படவில்லை, யாருக்கும் காயம் இல்லை. அப்பெண் அறிந்து, விரும்பிக் கொடுத்தால் அதிலே குற்றம் ஒன்றும் இல்லை. இந்தக் கேள்விக்கு இவ்வளவே விடை. இதைத் தாண்டி நிற்கும் கேள்விதான் கடினமானது.

படித்த வாசகர் ஒருவர் இப்படிச் சொல்லக்கூடும்: "பார்த்தீர்களா சுவாமி, விஞ்ஞானம் மூடநம்பிக்கையை ஒழித்துவிட்டது. தீட்டு என்று ஒதுக்கினோம். அது உயிர் காக்கும் மருந்து என்று இப்போது தெரிந்துவிட்டது. இனியாவது பெண்களை மதிப்பார்கள்." கேட்பதற்கு இனிமையான வாதம். நல்லெண்ணமுள்ள பலர் மேடைகளிலும் இதைச் சொல்கிறார்கள். ஆனால் சற்று நின்று யோசியுங்கள். பெண்ணின் உடலை நாம் மதிக்க வேண்டியது, அதிலிருந்து நமக்கு ஒரு பயன் கிடைக்கிறது என்பதற்காகவா? 2007 க்கு முன் வாழ்ந்த பெண்களை ஒதுக்கியது அப்போது நியாயமாயிருந்ததா? நாளை வேறோர் ஆய்வு இக்கலங்களால் பயனில்லை என்று நிறுவினால், தனிப்பாயை மறுபடி விரிக்கலாமா? மாதவிடாய் நின்றுபோன தாய்மாரும், நோயினால் கருப்பை அகற்றப்பட்டவர்களும் எந்தத் தராசில் நிற்பார்கள்?

பயனை வைத்து மதிப்புப் போடும் தராசு எப்படி ஆடும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்தில் பீட் என்றொரு மாவட்டம் உண்டு. அங்குள்ள ஏழைக் குடும்பங்கள் ஆண்டுதோறும் கரும்பு வெட்டக் கூலிக்குப் போகின்றன. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கூலியாள் கணக்கு. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் தண்டப் பணம். மாதவிடாய் நோவினால் நாள் தவறுகிறதே என்று, இளம் வயதிலேயே கருப்பையை அகற்றிக்கொண்ட பெண்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 2019 இல் மாநில அரசு அமைத்த குழு விசாரித்த ஏறக்குறைய 82,000 பெண்களில் 13,000 க்கு மேற்பட்டோர் அந்தச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டிருந்தார்கள். அதே ஆண்டில், தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் நோவு என்று சொன்ன பெண்களுக்குப் பெயர் அச்சிடப்படாத மாத்திரைகளைக் கொடுத்து இயந்திரத்தின் முன் உட்கார வைத்த செய்தியும் வெளியாயிற்று. வேலைக்கு இடைஞ்சல் என்றால் கருப்பையை வெட்டி எறி. ஆய்வுகூடத்துக்கு உதவும் என்றால் அதில் உதிர்வதை உறைய வைத்துப் பூட்டு. கை வேறு, தராசு ஒன்றே.

இதனாலேதான் தீட்டு என்ற பழைய சொல்லுக்கு மருந்து திரவியம் என்ற புதிய சொல் அன்று என்கிறோம். இரண்டுமே பெண்ணைப் பார்க்கவில்லை. அவளிடமிருந்து வெளிவருவதைப் பார்க்கின்றன.

இனி நம் சொந்த வீட்டுக்குள் வருவோம். இவ்விடயத்தில் திருச்சபையின் வரலாறு ஒரே சீராய் இருந்தது என்று சொல்ல முடியாது. லேவியர் ஆகமத்தின் 15 ஆம் அதிகாரம், உதிரப்போக்குள்ள பெண்ணை ஏழு நாள் தீட்டுள்ளவள் என்கிறது. அவளைத் தொடுகிறவனும், அவள் படுத்த படுக்கையைத் தொடுகிறவனும் மாலை வரை தீட்டு. இது பாவத்தைப் பற்றிய சட்டமன்று, வழிபாட்டு ஒழுங்கைப் பற்றியது. ஆண்களின் உடல் ஒழுக்குகளுக்கும் அதே அதிகாரத்தில் சட்டம் உண்டு. அதை மட்டும் நாம் வசதியாய் மறந்துவிட்டோம். ஆதித் திருச்சபையிலே இச்சட்டம் கிறிஸ்தவரைக் கட்டுமா என்ற விவாதம் எழுந்தது. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் புனித தியோனீசியார், அந்நாட்களில் பெண்கள் திருப்பந்தியை அணுகாதிருப்பதே தகும் என்று எழுதினார். அவர் காட்டிய உதாரணம் யார் தெரியுமா? பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கினால் வருந்திய, மாற்கு நற்செய்தி 5 ஆம் அதிகாரத்துப் பெண். அவள் ஆண்டவரைத் தொடவில்லை, அவருடைய ஆடையின் ஓரத்தை மட்டுந்தானே தொட்டாள் என்பது அவர் வாதம்.

முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 601 இல், இங்கிலாந்திலே வேதம் போதித்துக்கொண்டிருந்த கன்ரபரி அகுஸ்தீனார் இதே கேள்வியை உரோமைக்கு எழுதிக் கேட்டார். பாப்பரசராயிருந்த புனித பெரிய கிரகோரியார் பதில் எழுதினார். அவரும் அதே பெண்ணையே எடுத்தார், ஆனால் வேறுவிதமாய். நோயினால் உதிரம் பெருகிய பெண் ஆண்டவரின் ஆடையைத் தொட்டது புகழப்பட்டது என்றால், இயற்கையினால் உதிரம் பெருகும் பெண் அவருடைய ஆலயத்தில் நுழைவதை எப்படித் தடுக்கலாம் என்பது அவர் வாதத்தின் சாரம். பசியும் தாகமும் களைப்பும் எப்படியோ அப்படியே இதுவும். குற்றமில்லாத ஒன்றுக்காக ஒருவரைத் தண்டிக்கலாகாது. அவள் ஆலயத்துக்குள் வருவதையோ நற்கருணை வாங்குவதையோ தடுக்க வேண்டாம் என்று தீர்த்தார். மிகுந்த வணக்கத்தினால் தானாகவே வாங்காதிருப்பவளையும் அவர் பாராட்டுகிறார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் வாங்குகிறவளைத் தீர்ப்பிடக் கூடாது என்பதில் அவர் உறுதியாயிருந்தார்.

இவ்வளவு தெளிவான பதில் வந்த பிறகும் என்ன நடந்தது? அதே நூற்றாண்டில் அதே கன்ரபரியில் பேராயராயிருந்த தெயோதோரின் பெயரால் வழங்கும் தவ ஒழுங்கு நூல், அந்நாட்களில் ஆலயத்துக்கு வரும் பெண்ணுக்கு மூன்று வாரம் ஒருசந்தி விதிக்கிறது! பாப்பரசர் திறந்த கதவை உள்ளூர் வழக்கம் சாத்திவிட்டது. நம் ஊரிலும் கதை வேறல்ல. பிள்ளை பெற்ற தாய் நாற்பது நாள் கழித்து மெழுகுதிரியோடு கோவில் வாசலில் நின்று, குருவானவர் வந்து உள்ளே அழைத்துச் சென்ற சடங்கை வயதானவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். திருச்சபை நூலின்படி அது நன்றி கூறும் சடங்கு. சனங்கள் விளங்கிக்கொண்டதோ துடக்குக் கழிப்பு என்று. ஞானஸ்நானத் தண்ணீர் கழுவாத எதையோ மஞ்சள் தண்ணீர் கழுவிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்றைக்கும் நம் பங்குகளில் இருக்கிறார்கள்.

மாற்குவின் அதிகாரத்துக்கு மீண்டும் போவோம். அதில் இன்னும் எடுக்க வேண்டியது இருக்கிறது. அந்தப் பெண் தன் கையிலிருந்த பொருளையெல்லாம் வைத்தியருக்குக் கொடுத்து முடித்துவிட்டாள். நோயோ கூடிற்றே தவிரக் குறையவில்லை. கூட்டத்தின் பின்னாலிருந்து, ஒருவரும் அறியாமல் தொடுகிறாள். சட்டப்படி அவள் தொட்டவரெல்லாம் தீட்டு. குணமான பின் அவளைச் சத்தமின்றிப் போக விட்டிருக்கலாம். அவளும் அதையே விரும்பினாள். ஆண்டவரோ நின்றுவிட்டார். தம்மைத் தொட்டது யார் என்று கேட்டார். நடுங்கிக்கொண்டு வந்து விழுந்தவளை, கூட்டத்தின் முன்னே, மகளே என்று அழைத்தார். நற்செய்திகளில் அவர் வேறொரு பெண்ணையும் அப்படி அழைத்ததாக இல்லை. அவளுடைய உதிரத்தில் அன்று யாருக்கும் ஒரு பயனும் இருந்ததில்லை. அது வெறும் நோய், வெறும் இழப்பு. அவளுடைய மதிப்புக்கு அதைக் கணக்கில் எடுக்கவேண்டிய தேவையே அவருக்கு எழவில்லை.

அங்கிருந்து அவர் நேரே போனது யாயீரின் வீட்டுக்கு. அங்கே கிடந்த சிறுமிக்கு வயது பன்னிரண்டு என்று மாற்கு குறித்து வைக்கிறார். பன்னிரண்டு ஆண்டு நோயாளி ஒருத்தி, பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி. இரண்டு கதைகளையும் அவர் ஒன்றுக்குள் ஒன்றாய் வைத்துச் சொல்கிறார். நம் வீடுகளில் பிள்ளைகள் பெரியபிள்ளையாகும் வயதும் அதுவே அன்றோ? அச்சிறுமியின் கையைப் பிடித்து எழுப்பி, அவளுக்குச் சாப்பாடு கொடுக்கச் சொன்னார். தொடாதே என்று வழக்கம் விலக்கிய இரண்டு பேரையும் ஒரே நாளில் தொடுதல் சேர்த்துக்கொண்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மங்கள வார்த்தை செபத்தில் நாம் நாள்தோறும் தேவ தாயின் திருவயிற்றை வாழ்த்துகிறோம். வார்த்தையானவர் மனுவுருவானார் என்று நாம் விசுவசிப்பது உண்மையானால், எல்லாப் பெண்களிடத்தும் மாதந்தோறும் கருவை வரவேற்க ஆயத்தமாகும் அந்த உட்சுவரிலேதான் இறைமகனும் ஒன்பது மாதம் தங்கினார். அதை அருவருப்பு என்று சொல்லும் வாய்க்கு மனுவுருவாதலைப் பற்றிப் பேசுவது எளிதாயிராது.

இப்போது சென்னைக்குத் திரும்புவோம். 2017 ஒக்ரோபரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரியல் தொழில்நுட்பத் திணைக்களமும் மூலக்கல ஆராய்ச்சிக்கான தேசிய வழிகாட்டிகளைப் புதுப்பித்து வெளியிட்டன. கொப்பூழ்க்கொடிக் குருதியைத் தவிர வேறெந்த உடற்பொருளையும் வணிக நோக்கில் சேமித்து வைப்பதற்கு மறு அறிவித்தல் வரை அனுமதி இல்லை என்று அவை கூறின. மாதவிடாய்க் குருதியும் அத்தடையில் அடங்கிற்று. காரணம் மேலே நினைவில் வைக்கச் சொன்னதுதான்: இதனால் இன்ன நோய் தீரும் என்பதற்கு இன்னும் சான்று இல்லை. சான்றில்லாத ஒன்றைக் காப்புறுதி போல் விற்பது அறமாகாது. விற்பவர் பொய் சொல்லாமலே இது நடக்கலாம். 'உதவக்கூடும்' என்று அவர் சொல்கிறார். 'உதவும்' என்று தாய் கேட்கிறாள். பிள்ளைக்கு ஒன்று நேர்ந்தால் நான் செய்யாமல் விட்டேனே என்று வருந்த நேருமோ என்ற அச்சமே அங்கே விலையாகிறது. நகை அடகு வைத்தாவது கட்டணம் கட்டுகிறவர்கள் நம்மவர்கள். அத்தகைய சேவை எங்காவது, எந்தப் பெயரிலாவது உங்கள் முன் வந்தால், இதனால் இதுவரை எத்தனை பேருக்கு எந்த நோய் தீர்ந்தது என்று கேளுங்கள். கேட்பது அவிசுவாசம் ஆகாது.

ஆராய்ச்சிக்காகத் தானமாய்க் கொடுப்பது வேறு. இங்கேதான் நமக்கு உண்மையான மகிழ்ச்சிக்கு இடமிருக்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் என்றொரு நோய் உண்டு. கருப்பையின் உட்சுவரைப் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளர்ந்து கடும் நோவைத் தரும் நோய். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு, உலகெங்கும் ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு, இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதை உறுதியாய் அறிவதற்கு வயிற்றில் துளையிட்டுக் கருவி செலுத்திப் பார்ப்பதே பல காலமாய் வழி. அதனால் நோய் என்னவென்று தெரிவதற்கே ஆண்டுகள் பல சென்றுவிடுகின்றன. நியூயோர்க்கிலுள்ள ஃபைன்ஸ்ரைன் ஆய்வு நிறுவனத்தில் கிறிஸ்ரின் மெற்ஸ் அம்மையாரும் பீற்றர் கிரெகெர்சனும் 2013 முதல் ஓர் ஆய்வை நடத்தி வருகிறார்கள். பெண்கள் தங்கள் மாதவிடாய்க் குருதியைத் தபாலில் அனுப்புகிறார்கள். அதிலுள்ள கலங்கள் நோயுள்ளவரிடத்தும் இல்லாதவரிடத்தும் வேறுபட்டு நடந்துகொள்வதைக் குழுவினர் கண்டிருக்கிறார்கள். துளையிடாமலே நோயை அறியும் பரிசோதனை இதிலிருந்து பிறக்கலாம். 2024 ஜனவரியில், குவின் என்ற நிறுவனத்தின் சுகாதாரத் துவாய் ஒன்றுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அனுமதி கிடைத்த செய்தி வந்தது. துவாயில் பதித்த சிறு பட்டியை எடுத்து அனுப்பினால், கடந்த சில மாதங்களின் சராசரி நீரிழிவு அளவை அதிலிருந்து சொல்லிவிடுகிறார்கள். நீரிழிவு வீட்டுக்கு வீடு இருக்கும் நம் நாட்டில், ஊசிக்கு அஞ்சுகிற எத்தனையோ தாய்மாருக்கு இது வரப்பிரசாதமாகலாம்.

இங்கேயும் ஒரு கேள்வியை விட்டுவிட முடியாது. உடல் சொல்லும் இரகசியத்தை யார் வாசிப்பது? கட்டுநாயக்காவில் தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் மலையகத்துப் பிள்ளையின் பரிசோதனை முடிவு அவளுடைய கைக்கு வருமா, மேற்பார்வையாளரின் மேசைக்கு வருமா? கலியாணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் சாதகத்தோடு இதையும் கேட்பார்களா? சிரிக்காதீர்கள், நம் சமூகத்தை நாம் அறிவோம். ஊசி குத்தாமல் எடுக்கலாம் என்பதால் கேட்காமல் எடுக்கலாம் என்று ஆகிவிடாது. அந்தக் குருதி ஒரு பெண்ணுடையது. அதைக் கொடுப்பதும் மறுப்பதும், அது சொல்லும் செய்தியை அறிவதும் முதலில் அவளைச் சேர்ந்தவை.

இந்த அதிசயத் துவாய் ஒருபுறம் இருக்க, சாதாரணத் துவாய் வாங்கவே வழியில்லாத வீடுகள் நம் பங்குகளில் உண்டு. 2018 செப்ரெம்பர் வரை இறக்குமதியான சுகாதாரத் துவாய்களுக்கு இந்நாட்டில் நூறு வீதத்துக்கு மேல் வரி இருந்தது, பிறகு குறைத்தார்கள். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் பால்மாவா, துவாயா என்று தீர்மானிக்க வேண்டியிருந்த தாய்மாரைப் பங்குக் குருமார் அறிவர். இன்றும் கடையில் கேட்டால், கடைக்காரர் ஏதோ களவுப் பொருளைத் தருவதுபோல் பழைய பத்திரிகையில் சுற்றித்தான் தருகிறார். (நமது பழைய இதழ்களும் அப்பணிக்கு உதவியிருக்கக்கூடும்.) 2015 இல் களுத்துறை மாவட்டத்துப் பாடசாலைகளில் 720 மாணவியரிடம் நடந்த ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் முதல் உதிரத்தைக் காணும்வரை அதைப்பற்றி ஒன்றும் அறியாதிருந்தார்கள். செத்துப் போகப் போகிறேன் என்று பயந்து அழுத பிள்ளைகள் எத்தனை பேரோ. அதற்கடுத்த வாரமே மண்டபம் பிடித்து, பந்தலிட்டு, ஊரழைத்துச் சாமத்திய வீடு கொண்டாடுகிறோம்! வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வெட்கம். வீடியோ எடுத்து ஊருக்குக் காட்ட வெட்கமில்லை.

பழைய வழக்கத்துக்காகப் பரிந்து பேசுவோர் ஒரு நியாயம் சொல்வார்கள்: ஒதுக்கி வைத்ததால்தான் பெண்களுக்கு மூன்று நாளாவது அடுப்படியிலிருந்து ஓய்வு கிடைத்தது என்று. அதில் உண்மை உண்டு. ஓய்வை எடுத்துக்கொண்டு வெட்கத்தை விட்டுவிடலாமே! அந்த நாட்களில் மகனும் தகப்பனும் சோறு வடித்தால் எந்தக் கட்டளை மீறப்படும்?

இப்பொருளைப் பற்றி நமக்கு வந்த கடிதங்களில் தாய்மார் கேட்டவை பெரும்பாலும் மூலக்கலத்தைப் பற்றியவை அல்ல. அவற்றுக்கும் விடை சொல்லிவிடுவோம். அந்நாட்களில் மகள் பூசைக்கு வரலாமா? வரலாம். நற்கருணை வாங்கலாமா? வாங்கலாம், வாசகமும் வாசிக்கலாம், பாடகர் குழுவிலும் நிற்கலாம். நற்கருணைப் பவனியில் பூத் தூவலாமா? தூவலாம். மாதந்தோறும் சுருண்டு படுத்து அழுகிறாளே, கலியாணம் ஆனால் சரியாகிவிடுமா? அப்படிச் சொல்லி அவளைக் காக்க வைக்காதீர்கள். பெண்நோயியல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள், எண்டோமெட்ரியோசிஸ் இருக்குமோ என்று பெயர் சொல்லியே கேளுங்கள். நோவு மிகுந்த நாளில் பவனியில் வெயிலில் நடக்க வைக்க வேண்டாம், படுக்க விடுங்கள். ஏன் வரவில்லை என்று யாரேனும் கேட்டால், காய்ச்சல் என்று பொய் சொல்ல வேண்டியதில்லை.